கமக்காரர் உணவும் இரத்தக் கொலஸ்ரரோலும்

உடலை வருத்தி உழைப்பவருக்கு இரத்தத்திற் கொலஸ்ரரோல் மிகாதென்ற எண்ணம் கமக்காரரிடையே இன்றும் உண்டு. மண்வெட்டியும் மாட்டேரும் கொண்டு பாடுபட்ட காலத்தில் அதற்கு ஓரளவு நியாயமிருந்தது. இன்றோ உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் நீர்ப்பம்பியும் அவ்வேலையைச் செய்கின்றன. உழைப்புக் குறைந்தது, தேங்காயின் அளவு குறையவில்லை.

கொலஸ்ரரோல் மெழுகு போன்ற பொருள். உடலுக்கு வேண்டியதே, அதிற் பெரும்பகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்டால், தீய கொலஸ்ரரோலை இரத்தத்திலிருந்து ஈரல் அகற்றுவது குறைகிறது. தேங்கியது நாடிகளின் உட்சுவரிற் படிந்து, வழியை ஒடுக்கி, மாரடைப்பிற்குக் காரணமாகிறது.

தேங்காயிற் கொலஸ்ரரோல் இல்லையென்பர், உண்மையே. ஆயினும் தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பாகும். தேங்காயை முற்றாக விலக்க வேண்டுவதில்லை. சொதிக்கும் கறிக்கும் கட்டிப்பால் விடும் வீட்டில் ஒன்றிற்கேனும் இரண்டாம் பால் போதுமானது.

நெல்லை வெண்மையாகத் தீட்டும்போது நீங்கும் தவிட்டில் நார்ப்பொருளும், கொலஸ்ரரோலைத் தணிக்க உதவும் எண்ணெயும் உள. அதனை மாட்டுக்கும் கோழிக்கும் இட்டுவிட்டு வெண்சோற்றை உண்பது சிக்கனமாகாது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற செந்நெல்லில் வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்கித் தவிடு போகாமற் குற்றுவித்தல் நன்று. தவிட்டெண்ணெய் விரைவிற் காறுமாதலால், இரண்டு கிழமைக்குப் போதுமானதையே ஒருமுறையிற் குற்றுவிக்க வேண்டும்.

மரக்கறியிலும் இதே கதைதான். நல்லவற்றையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஒரு கறியோடு உணவை முடிப்பவர் பலர். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் அக்கணக்கிற் சேரா. வெண்டி, கத்தரி, பயறு, கௌபி என்பவற்றிலுள்ள கரையும் நார், குடலிற் பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. புதிய பித்தம் ஆக்குவதற்கு ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ரரோலையே எடுக்கிறது. ஆகவே நெல்லறுத்த வயலிற் பயறு விதைப்போர், விற்பனைக்கு மூடை கட்டுமுன் அடுக்களைக்கும் அளந்து வைத்தல் வேண்டும்.

சுருட்டும் பீடியும் நன்மை தரும் கொலஸ்ரரோலைக் குறைப்பன. வயல்வேலை ஓய்ந்த மாதங்களிற் கிழமைக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நலம்.

கொலஸ்ரரோல் மிகுந்தவருக்கு நோவோ காய்ச்சலோ தோன்றாது. இரத்தப் பரிசோதனையாலன்றி அதனை அறியவியலாது. 35 வயதைக் கடந்தோர் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் அதுபற்றி விசாரித்தல் வேண்டும். மருந்து உட்கொள்வோர், உணவைத் திருத்திவிட்டோமென்று வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தலாகாது.