முதுமை எய்தும் மென்பொருள்

நுழையும்முன்

மாதந்தோறும் வங்கிக் கணக்கில் ஊதியம் சேர்வதும், முதியவர் ஒருவருக்கு ஓய்வூதியம் கிடைப்பதும், கடையில் வாங்கிய பொருளுக்கு வரியுடன் ரசீது தரப்படுவதும் மென்பொருளால் நடைபெறுகின்றன. அம்மென்பொருள்களுள் சில, அவற்றால் இன்று பயன்பெறுவோர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. அவற்றைப் பேணுவதும் புதுப்பிப்பதும் எத்தகைய பணி என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இரும்பு துருப்பிடிக்கும், மரத்தைக் கறையான் அரிக்கும், சுவடியைச் செல்லரிக்கும். மென்பொருளுக்கு இவற்றுள் எதுவும் நேர்வதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல், ஓர் எழுத்தும் தேயாமல் இன்றும் அவ்வாறே இருக்கக்கூடும். ஆயினும் அது முதுமை அடைந்துவிட்டதாக அத்துறை வல்லுநர்கள் கூறுகின்றனர். தேயாத ஒன்று எவ்வாறு முதுமை அடையும்?

விடை நிரலுக்கு வெளியே உள்ளது. நிரல் மாறாமல் நிற்க, அது பணிபுரியும் உலகம் மாறிவிடுகிறது. இந்தியாவில் 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. முதல்நாள் இரவுவரை மதிப்புக்கூட்டு வரியைச் சரியாகக் கணக்கிட்டுவந்த ரசீது மென்பொருள்கள் மறுநாள் காலையில் பிழையானவை ஆயின. அவற்றில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறாமையே பிழை ஆயிற்று. மாநிலத்திற்குள் விற்ற பொருளுக்கு மைய வரி, மாநில வரி எனப் பிரித்துக் காட்டவும், மாநிலம் கடந்து செல்லும் சரக்குக்கு வேறு வகையில் கணக்கிடவும் அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது.

கணினி அறிவியலாளர் மேயர் லேமன் என்பவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்னும் இயக்க மென்பொருள் வளர்ந்த வகையை ஆராய்ந்து, 1970களில் சில விதிகளை வகுத்தார். பயன்பாட்டில் உள்ள மென்பொருளைத் தொடர்ந்து மாற்றிவர வேண்டும், இல்லையேல் அதன் பயன் குன்றும் என்பது முதல் விதி. மாற்ற மாற்ற அதன் சிக்கல் பெருகும், அதைக் குறைக்கத் தனியே உழைத்தால் அன்றித் தானாகக் குறையாது என்பது அடுத்த விதி. மாற்றாமல் விட்டாலும் கெடும், மாற்றினாலும் கெடும். மென்பொருளைப் பேணுவோர் நாள்தோறும் இவ்விரண்டிற்கும் இடையில்தான் பணியாற்றுகின்றனர்.

வணிகத்திற்கு ஒரு மொழி

1950களின் இறுதிவரை ஒரு நிறுவனத்தின் கணினிக்கு எழுதிய நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் இயங்காது. கணினியை மாற்றினால் நிரல்கள் அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டும். இச்செலவைத் தவிர்க்க 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் அரசுத் துறையினரும் கணினி உற்பத்தியாளர்களும் கூடி, வணிகப் பணிகளுக்கென ஒரு பொதுமொழியை உருவாக்க முற்பட்டனர். கிரேஸ் ஹாப்பர் என்னும் கணித அறிஞர் முன்னரே உருவாக்கியிருந்த ஃபுளோமேட்டிக் என்ற மொழி அதற்குப் பெரிதும் வழிகாட்டியது. அவ்வாறு பிறந்ததே கோபோல். 1960 டிசம்பரில், ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல் இருவேறு நிறுவனங்களின் கணினிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

கணக்கர் ஒருவரும் படித்து ஓரளவு புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, கோபோல் மொழியின் கட்டளைகள் இயல்பான ஆங்கிலச் சொற்களால் அமைந்தன. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் அதில் தம் நிரல்களை எழுதிக் குவித்தன. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. பின்னாளில் வந்த அதன் பெருங்கணினிகள், பழைய நிரல்களும் தம்மில் இயங்குமாறே வடிவமைக்கப்பட்டன. எனவே வன்பொருள் பலமுறை மாறியபோதும் நிரல் மாறாமல் நிலைத்தது. கணினி புதியது, அதனுள் இயங்கும் கணக்கு பழையது.

அந்நாளில் நிரல்கள் 80 நிரைகள் கொண்ட துளை அட்டைகளில் பதியப்பட்டன. கோபோல் வரியின் முதல் ஆறு நிரைகள் வரிசை எண்ணுக்கும், ஏழாவது நிரை ஒரு குறிக்கும், எட்டு முதல் எழுபத்திரண்டு வரை கட்டளைக்கும் ஒதுக்கப்பட்டன. துளை அட்டைகள் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயிற்று. பழைய நிரல்களோ இன்றும் அந்த அட்டையின் அகலத்திற்குள்ளேயே எழுதப்பட்டுள்ளன.

இரண்டு இலக்கங்களின் விலை

நினைவகம் அரிதாகவும் விலைமிக்கதாகவும் இருந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் எண்ணிச் செலவிடப்பட்டது. ஆண்டைக் குறிக்க நான்கு இலக்கங்கள் எதற்கு? 1965 என்பதை 65 என எழுதினால் போதும் என்று நிரலர்கள் கருதினர். அன்றைய நிலையில் அது தவறான முடிவன்று. இந்த நிரல் 2000ஆம் ஆண்டுவரை வாழும் என்று அவர்களுள் பலர் எண்ணியிருக்கவே மாட்டார்கள்.

நிரல் வாழ்ந்தது. 1940இல் பிறந்த ஒருவரின் வயதை 1999இல் கணக்கிட, 99இலிருந்து 40ஐக் கழித்தால் 59 என்னும் சரியான விடை கிடைக்கும். அடுத்த ஆண்டில் 00இலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். விடை குறை 40. அவ்விடையைப் பதியும் இடம் குறைக்குறியை ஏற்காததாயின், 40 என்றே பதிவாகும். அறுபது வயது நிறைந்து ஓய்வூதியத்திற்குக் காத்திருப்பவர், கணினியின் பார்வையில் நாற்பது வயதினர் ஆகிவிடுவார். நிரல் நின்றுபோவதைவிட, ஓசையின்றித் தவறான விடை தருவது கொடியது.

ஒய் 2 கே எனப்பட்ட இச்சிக்கலைத் தீர்க்க, உலகெங்கும் பல கோடி நிரல் வரிகள் படித்துத் திருத்தப்பட்டன. நாள் எங்கே பதியப்படுகிறது, எங்கே கழிக்கப்படுகிறது, எங்கே ஒப்பிடப்படுகிறது என ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது. இப்பணியின் ஒரு பகுதி இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் இளைஞர் பலர், தாம் பிறப்பதற்கு முன் அயல்நாட்டார் எழுதிய கோபோல் நிரல்களைப் படிக்கப் பயிற்சி பெற்றனர். இந்திய மென்பொருள் துறைக்கு உலகச் சந்தையில் நம்பிக்கையை ஈட்டித் தந்தவற்றுள் இப்பழுதுநீக்கும் பணியும் ஒன்று.

திருத்தம் இருவகையில் நிகழ்ந்தது. ஆண்டை நான்கு இலக்கங்களாக விரிப்பது முதல் வகை. அதற்குச் சேமித்துவைத்த தரவுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். தரவைத் தொடாமல் ஒரு விதியை மட்டும் சேர்ப்பது மற்றொரு வகை. 00 முதல் 49 வரை இருந்தால் அதை 2000களாகவும், 50 முதல் 99 வரை இருந்தால் 1900களாகவும் கொள்க என்பதுபோல் அவ்விதி அமையும். எளிது, விரைவானது, செலவும் குறைவு. ஆனால் 2050ஆம் ஆண்டு வரும்போது அதே சிக்கல் மீண்டும் வரும். வார்டு கன்னிங்காம் என்னும் நிரலர் 1992இல் இத்தகைய குறுக்குவழிகளைக் கடனுக்கு ஒப்பிட்டார். கடன் வாங்குவது தவறன்று. காலத்தில் திருப்பாவிட்டால் வட்டி ஏறும்.

2000 ஜனவரி முதல் நாள் பெருந்தீங்கு ஏதுமின்றிக் கடந்தது. உடனே, இல்லாத பூதத்தைக் காட்டிப் பணம் பறித்துவிட்டனர் எனச் சிலர் குறைகூறினர். கரையை உயர்த்தியதால் ஊருக்குள் நீர் புகாதபோது, வெள்ளமே வரவில்லை என்று பேசுவதை ஒத்தது அது. பேணும் பணி செவ்வனே நடந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு எதுவும் இராது. அதற்கு நிதி ஒதுக்கும்படி கேட்பவரின் இடர்ப்பாடும் அதுவே.

நிரலுக்குள் உறங்கும் விதிகள்

பழைய நிரல் புரியவில்லை என்றால் அதை எறிந்துவிட்டுப் புதிதாக எழுதக் கூடாதா? இளம் நிரலர் பலரும் எழுப்பும் வினா இது. ஓர் அலுவலக ஊதிய நிரலில், குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன் பணியில் சேர்ந்தோருக்கு மட்டும் ஒரு படியைச் சற்றே கூட்டித் தரும் வரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். எக்காரணத்தால் அது எழுதப்பட்டது என்பது எங்கும் குறிக்கப்படவில்லை. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அது பிழையாக இருக்கலாம்; தொழிலாளருடன் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தமாகவும் இருக்கலாம். ஒப்பந்தத் தாள் தொலைந்துபோயிருந்தால், அதன் எஞ்சிய ஒரே படி அந்த நிரல்வரிதான். புரியவில்லை என்று அதை நீக்கினால் சிலருக்குச் சேர வேண்டிய பணம் சேராது. பொருள் விளங்காத அடியைச் சுவடியிலிருந்து நீக்கிவிடாமல், பல படிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரின் பொறுமை இங்கும் வேண்டும்.

கணக்கிடும் முறையிலும் நுட்பங்கள் உள்ளன. கோபோல் ரூபாய், பைசாவைப் பதின்ம எண்களாகவே கையாள வல்லது. பிற மொழிகள் பலவற்றில் பின்ன எண்கள் பொதுவாக இரும எண் வடிவில் வைக்கப்படுகின்றன. 1ஐ 3ஆல் வகுத்தால் பதின்ம முறையில் முடிவில்லாமல் நீள்வதைப்போல, பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவில்லாமல் நீளும். எங்கோ ஓரிடத்தில் அதை வெட்டியே பதிய வேண்டும். இதை உணராமல் நிரலை மொழிமாற்றினால் ஒரு கணக்கில் பைசாவிலும் சிறிய வேறுபாடு தோன்றும். இலட்சக்கணக்கான கணக்குகளின் கூட்டுத்தொகையில் அது ஏடுகளைப் பொருந்தாமல் செய்துவிடும்.

ஆகவே தேர்ந்த நிரலர்கள், மாற்றத் தொடங்குமுன் பழைய நிரல் இப்போது என்ன செய்கிறது என்பதைச் சோதனைகளால் பதிவு செய்கின்றனர். என்ன செய்ய வேண்டும் என்பது பிறகு எழும் வினா. அதே உள்ளீடுகளைப் பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் தந்து, விடைகளைச் சில மாதங்கள் அருகருகே ஒப்பிடுவதும் உண்டு. வேறுபடும் ஒவ்வொரு விடையும் மறந்துபோன விதி ஒன்றைக் காட்டக்கூடும்.

ஒரு வாரஇறுதியில்

பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, லாயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்த பின்னரும் அக்குழுமத்தின் கணினி அமைப்பையே கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வந்தது. 2015இல் அவ்வங்கியை ஸ்பெயின் நாட்டுச் சபாடெல் வங்கி வாங்கியது. தனக்கெனப் புதிய அமைப்பை உருவாக்கிய டி.எஸ்.பி., 2018 ஏப்ரலில் ஒரு வாரஇறுதியில் ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை அதற்கு மாற்றியது. தரவுகள் சரியாகவே சென்று சேர்ந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய அமைப்புதான் தடுமாறியது. 19 இலட்சம் பேர்வரை தம் கணக்குகளை இணையத்தில் திறக்க இயலாமல் தவித்தனர். வங்கி இயல்புநிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுண்டுக்கு மேல் தண்டம் விதித்தன.

பின்னர் நடந்த ஆய்வு, அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றியதைக் குறைகூறியது. சிறிய உண்மை ஒன்றையும் அது வெளிக்கொணர்ந்தது. புதிய அமைப்புக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தன. பளு தாங்குமா என்னும் சோதனை அவற்றுள் ஒன்றில் மட்டுமே செய்யப்பட்டிருந்தது.

பனைமேல் ஆல்

பறவையின் எச்சத்தில் இருந்த விதை பனையின் மட்டை இடுக்கில் விழுந்து முளைப்பதும், அவ்வாலின் வேர்கள் பனையைத் தழுவி மண்ணுக்கு இறங்குவதும், காலப்போக்கில் பனை பட்டுப்போக ஆல் தனித்து நிற்பதும் சிற்றூர்களில் காணக்கூடிய காட்சி. இதே இனத்து மரங்களை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காடுகளில் கண்ட மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர், 2004இல் அவற்றின் பெயரை ஒரு புதுப்பிக்கும் முறைக்குச் சூட்டினார்.

அம்முறையில் பழைய அமைப்பின் முன் ஒரு வாயில் அமைக்கப்படுகிறது. வரும் வேண்டுகோள்கள் அனைத்தும் அவ்வாயில் வழியே செல்லும். தொடக்கத்தில் வாயில் எல்லாவற்றையும் பழைய அமைப்புக்கே அனுப்பும். பிறகு முகவரி மாற்றம் போன்ற ஒரு சிறு பணி மட்டும் புதிதாக எழுதப்பட்டு, அதற்குரிய வேண்டுகோள்கள் புதிய பகுதிக்குத் திருப்பப்படும். பிழை நேர்ந்தால் உடனே பழையதற்குத் திருப்பிவிடலாம். நிலைபெற்றபின் அடுத்த பணி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையிலும் இடர் உண்டு. ஒரே வாடிக்கையாளரின் தரவு இரண்டு இடங்களில் இருப்பதால் இரண்டும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும். ஆண்டுகள் சில கழிந்து, நிதியும் ஊக்கமும் குறைந்து, பாதியில் நின்றுபோகும் பணிகளும் உண்டு. அப்போது பனை, ஆல் இரண்டிற்கும் நீர் வார்க்க நேரும்.

பட்டுப்போன பனையை அகற்றாமல் விடுவதும் தீங்கே. அமெரிக்கப் பங்குவணிக நிறுவனமான நைட் கேப்பிடல், 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு நிரற்பகுதியை நீக்காமல் வைத்திருந்தது. 2012இல் எழுதிய புதிய நிரலுக்கு, அப்பழைய பகுதியை இயக்கிவந்த குறியையே மீண்டும் பயன்படுத்தியது. எட்டுச் சேவையகங்களுள் ஏழில் புதிய நிரல் ஏற்றப்பட்டது, ஒன்று விடுபட்டது. ஆகஸ்டு 1ஆம் நாள் சந்தை திறந்ததும், அந்த ஒன்றில் உறங்கிய பழைய நிரல் விழித்துப் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடங்களில் நேர்ந்த இழப்பு 46 கோடி டாலருக்கு மேல்.

ஏழாவது நிரை

2020 வசந்த காலத்தில் கொரோனா பெருந்தொற்றால் அமெரிக்காவில் இரண்டே வாரங்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தனர். பல மாநிலங்களின் அமைப்புகள் திணறின. வேலையிழந்தோர் பணத்திற்குக் காத்திருக்க, நியூ ஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் அறிந்த தன்னார்வலர்கள் உதவிக்கு வர வேண்டும் என வெளிப்படையாக வேண்டினார். கோபோல் மொழியின் குறை என்று இதைக் கூறுவது எளிது. ஆனால் மொழி எப்போதும்போல் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றபோது, அவர்கள் அறிந்ததைப் பெற்றுக்கொள்ள அருகில் யாரும் அமர்த்தப்படவில்லை.

கோபோல் வரியின் ஏழாவது நிரையில் உடுக்குறி ஒன்றை இட்டால் கணினி அவ்வரியைக் கட்டளையாகக் கொள்ளாது. மனிதர் படிப்பதற்கான குறிப்பு அது. எந்த ஆணையின்படி, எந்த நாளில், எக்காரணத்தால் அடுத்த வரி மாற்றப்பட்டது என்பதைப் பொறுப்புள்ள நிரலர்கள் அங்கே எழுதிவைத்தனர். பழைய நிரலைத் திறக்கும் புதியவர் முதலில் தேடுவது அந்த உடுக்குறியைத்தான்.