ஒரு ரூபாய்ச் சொத்துகள்: சேலம், நாமக்கல் நகரங்களின் பொதுக்கட்டடங்களும் அவற்றின் மறுபயன்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

நகர உள்ளாட்சி அமைப்புகளின் கைவசமுள்ள கட்டடங்களும் நிலங்களும் காலத்திற்கேற்பப் பயன் மாறுகின்றன. அம்மாற்றத்திற்கு முன் அச்சொத்தின் மதிப்பு எவ்வாறு பதிவு செய்யப்படுகிறது, எது பதிவாகாமல் விடுபடுகிறது என்பவற்றை நாமக்கல் பேருந்து நிலைய இடமாற்றம், சேலம் பழைய பேருந்து நிலைய மறுகட்டுமானம், நாமக்கல் கவிஞர் நினைவில்லம் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொதுச்சொத்து, சொத்துப் பதிவேடு, மறுபயன்பாடு, புறம்போக்கு, நகராட்சிக் கடைகள், நாமக்கல், சேலம்.

முன்னுரை

நாமக்கல் நகரின் மையத்தில், மலைக்கோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளது பழைய பேருந்து நிலையம். 2024 அக்டோபரில் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறந்துவைக்கப்பட்டு, நவம்பரில் பயன்பாட்டிற்கு வந்தது. வெளியூர்ப் பேருந்துகள் அங்கு மாறின. அதே ஆண்டில் நாமக்கல் நகராட்சி மாநகராட்சியாகவும் தரம் உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 55 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த ஊர் அது. குறுகிய சாலைகளில் வெளியூர்ப் பேருந்துகள் நுழைந்து திரும்புவதால் ஏற்பட்ட நெரிசலை அறிந்தோர் இவ்விடமாற்றத்தின் தேவையை மறுக்கமாட்டார்கள். புதியது எதற்கு என்பதற்கு விடை இருந்தது. பழையது இனி எதற்கு என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது.

பொது என்பதன் பொருள்

நிலவரித் திட்டத்தில் வரி விதிப்புக்குப் புறம்பாக வைக்கப்பட்ட நிலம் 'புறம்போக்கு' எனப்பட்டது. மந்தை, களம், சுடுகாடு, நீர்நிலை, பாதை ஆகியன இதில் அடங்கும். வருவாய் தராதது என்பது இச்சொல்லின் கணக்கியல் பொருள். எல்லோருக்கும் பயன்படுவது என்பது அதன் வாழ்வியல் பொருள். இன்றைய பேச்சு வழக்கில் இச்சொல் ஒருவரை இழித்துரைக்கும் வசையாகவும் மாறிவிட்டது. இச்சொல்லாட்சி மாற்றம் தனியே ஆராயத்தக்கது. எனினும், வருவாய் இல்லாததற்கு மதிப்பும் இல்லை என்ற எண்ணம் நிருவாகத்தில் மட்டுமன்றி மொழியிலும் குடியேறியிருப்பதை அது காட்டுகிறது.

பதிவேட்டில் ஒரு ரூபாய்

தமிழ்நாட்டு நகராட்சிகள் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைப் பிற மாநிலங்களுக்கு முன்பே ஏற்றுக்கொண்டவை. 1999-2000 ஆம் நிதியாண்டில் சில நகரங்களில் சோதனையாகத் தொடங்கப்பட்ட அம்முறை, அடுத்த ஆண்டே அனைத்து நகராட்சிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பழைய முறையில் வரவும் செலவும் மட்டுமே எழுதப்பட்டன. ஒரு நகராட்சிக்கு எத்தனை கட்டடங்கள் உள்ளன என்பது கணக்கில் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. புதிய முறையில் இருப்புநிலைக் குறிப்பு வேண்டும். அதற்கு நிலையான சொத்துகளின் பதிவேடு வேண்டும். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இம்முறையின் மதிப்பீட்டு விதி நுட்பமாக நோக்கத்தக்கது. சொத்து வாங்கிய விலையிலேயே பதியப்படும். இலவசமாகக் கிடைத்த சொத்தைப் பெயரளவு மதிப்பாக ஒரு ரூபாய்க்குப் பதிய வேண்டும் என்று 2004 ஆம் ஆண்டின் தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு கூறுகிறது. கட்டடத்திற்கோ ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்படும். எனவே அரசிடமிருந்து விலையின்றி வந்த நிலத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டால், நிலத்தின் ஏட்டு மதிப்பு ஒரு ரூபாய்; கட்டடத்தின் ஏட்டு மதிப்பு ஏறத்தாழச் சுழியம். அக்கட்டடம் உறுதியாக நிற்கலாம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் அதன் நிழலில் ஒதுங்கலாம். அதனை இடித்தாலும் ஏட்டில் இழப்பு எதுவும் தோன்றாது. கணக்கியலுக்கு இவ்விதி தேவையானதே. சந்தை விலையை ஆண்டுதோறும் ஊகித்து எழுதுவது அதனினும் ஆபத்தானது. ஆனால், கணக்குக்காக எழுதப்பட்ட எண் முடிவெடுப்பதற்கான எண்ணாகப் பயன்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

சேலம்: இடித்துக் கட்டுதல்

1866 இல் நகராட்சியாகி, 1917 முதல் 1919 வரை இராஜாஜியைத் தலைவராகக் கொண்டிருந்து, 1994 இல் மாநகராட்சியான ஊர் சேலம். 2016 இல் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்வானது. அத்திட்டத்தின்கீழ்ப் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் ஈரடுக்குப் பேருந்து நிலையமாகக் கட்டப்பட்டு 2023 சூனில் திறக்கப்பட்டது. பயன் மாறவில்லை, இடமும் மாறவில்லை. கட்டடம் மட்டும் மாறியது.

பணி நடைபெற்ற ஆண்டுகளில் பேருந்துகள் போஸ் மைதானத்திலிருந்து இயக்கப்பட்டன. ஆடித் திருவிழாக் காலத்தில் பொருட்காட்சியும் பிற நாள்களில் கூட்டங்களும் நடைபெற்று வந்த திறந்தவெளி அது. ஒரு நகரத்தில் வெற்றிடமாக ஒரு மைதானம் இருந்தமையாலேயே ஒரு பேருந்து நிலையத்தை நிறுத்தாமல் மாற்றிக் கட்ட முடிந்தது. இத்தகைய பயனை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை. காலியாகக் கிடப்பதாகக் கருதப்படும் நிலம் உண்மையில் ஒரு நகரத்தின் சேமிப்பு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

நாமக்கல்: வீடு நூலகமாதல்

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888-1972) மோகனூரில் பிறந்தவர். தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞராக விளங்கியவர். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு அரசின் நினைவில்லமாகி, அதில் நூலகம் இயங்கி வருகிறது. நினைவில்லங்கள் பலவற்றில் படங்களும் பூட்டிய கண்ணாடிப் பேழைகளுமே எஞ்சுகின்றன. இங்கோ நாளிதழ் படிக்கவும் போட்டித் தேர்வுக்குப் படிக்கவும் மக்கள் வருவதற்கு வழி உண்டு. சிறிய கட்டடம், சிறிய செலவு, நாள்தோறும் பயன். பேரளவு எடுத்துக்காட்டுக்குச் சென்னையை நோக்கலாம். 2010 மார்ச்சில் சட்டமன்ற வளாகமாகத் திறக்கப்பட்ட ஓமந்தூரார் வளாகக் கட்டடம் 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. அம்முடிவின் அரசியல் காரணங்கள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும், ஒரு பயனுக்கென வரையப்பட்ட கட்டடம் முற்றிலும் வேறொரு பயனை ஏற்கும் என்பதற்கு அது சான்றாகிறது.

பேருந்து போனபின் கடைகள்

நாமக்கல் பழைய பேருந்து நிலையத்திற்கு மீள்வோம். பேருந்து நிலையம் என்பது நகராட்சிக்குப் போக்குவரத்து வசதி மட்டுமன்று. வருவாய்க் களமும் ஆகும். பேருந்து நுழைவுக் கட்டணம், வாகன நிறுத்தக் குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை, கடை வாடகை என நான்கு வகை வரவு அதிலிருந்து கிடைக்கிறது. கடைகள் பொது ஏலத்தில் விடப்படுகின்றன. வாடகையை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 15 விழுக்காடு உயர்த்தும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. மாதம் 10,000 ரூபாய்க்கு ஏலம் போன கடை மூன்று உயர்வுகளுக்குப் பின் 15,209 ரூபாயில் நிற்கும். இக்கணக்கு மக்கள் நடமாட்டம் குறையாது என்ற எடுகோளின்மேல் அமைந்தது. வெளியூர்ப் பயணிகள் வேறிடம் சென்றபின் அந்த எடுகோள் தகர்கிறது. வாடகை அட்டவணை மட்டும் மாறாது நிற்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏலம் எடுத்தவர் ஒருவராகவும் கடை நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கும் உள்வாடகை முறை உள்ளாட்சிக் கடைகளில் பரவலாக அறியப்பட்டதே. அத்தகைய இடங்களில் நட்டம் பதிவேட்டில் பெயருள்ளவருக்கு நேர்வதில்லை. தேநீர்க்கடையையோ பழக்கடையையோ நடத்துபவருக்கே நேர்கிறது. புதிய நிலையத்தில் கடை ஒதுக்கும்போதோ வாடகைக் குறைப்பைப் பரிசீலிக்கும்போதோ அவர் ஆவணத்தில் இல்லாதவராகிவிடுகிறார்.

இனிச் செய்யத்தக்கது

2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றை ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. எனவே சொத்துப் பதிவேட்டிற்குப் பொதுவான ஒரு படிவத்தை வகுப்பது முன்னைவிட எளிது. ஏட்டு மதிப்புக்கு அருகில் மூன்று செய்திகளையேனும் சேர்க்கலாம்: கட்டடத்தின் உறுதித்தன்மை கடைசியாக ஆய்வு செய்யப்பட்ட நாள், அதனை நாள்தோறும் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை, அங்கு உண்மையில் தொழில் செய்வோரின் பட்டியல். புதிய கட்டடத்திற்குத் திட்ட மதிப்பீடு தயாரிக்கும்போதே காலியாகும் பழைய இடத்திற்கான பயன்பாட்டுத் திட்டத்தையும் மாமன்றத்தில் வைப்பது இதன் தொடர்ச்சியாகும்.

நாமக்கல்லைப் பொறுத்தவரை, இதற்கும் முந்தைய பணி ஒன்று உள்ளது. மலைக்கோட்டையும் குடைவரைக் கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். பழைய பேருந்து நிலைய வளாகத்தின் எந்தெந்தப் பகுதி இவ்வெல்லைகளுக்குள் வருகிறது என்பதை அளந்து வரைபடத்தில் குறித்த பின்னரே, அங்கு வணிக வளாகமா, நகரப் பேருந்துகளுக்கான நிறுத்தமா, மலையடிவாரத்திற்கு வருவோருக்கான திறந்தவெளியா என்ற விவாதத்தைத் தொடங்க இயலும்.