புங்கங்கொட்டையின் பலன் யாருக்கு?

மொரப்பூர்ப் பக்கம் சாலையோரப் புங்க மரத்தடியில் குனிந்து கொட்டை பொறுக்கும் தாய்மாரைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! மூட்டை கட்டிக் கொண்டுபோனால் வியாபாரி சொன்னதே விலை. அந்தக் கொட்டைக்குள் இருப்பது விளக்கெரிக்கும் எண்ணெய் மட்டுமா? லாரியையும் டிராக்டரையும் ஓட்டும் டீசலும் அதுவே!

கட்டுக்கதையல்ல. 1900ஆம் ஆண்டிலேயே பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்றைய எஞ்சினுக்கு ஆகாது, கெட்டி அதிகம். 100 கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ 11 கிலோ மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால், 100 கிலோ அளவு பயோடீசலும் 10 கிலோ அளவு கிளிசரினும் கிடைக்கும். காஸ்டிக் சோடா இங்கே வினையூக்கி; வேலையை விரைவாக்குவது.

இங்கேதான் தொல்லை! அது கரைந்துவிடும், மீட்க முடியாது. டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒகேனக்கல் குடிநீருக்கு ஆண்டாண்டாய்க் காத்துக் கிடந்த மாவட்டத்தில் கழுவத் தண்ணீர் ஏது? நாட்பட்ட புங்கெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் கொழுப்பு அமிலம் மிகுதி. காஸ்டிக் பட்டதும் சோப்பாகிவிடும்.

இதற்கு விடை கரையாத திட வினையூக்கி. சென்னையில் படித்த பால் ரத்தினசாமியும் சீனிவாசும் தோழர்களும் புனே தேசிய இரசாயன ஆய்வகத்தில் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த ஒன்றை ஆக்கி, 2006இல் வெளியிட்டனர். அமிலமும் ஈரமும் உள்ள எண்ணெயிலும் அது வேலை செய்கிறது. வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். அதே 2006இல் பிரான்சின் செத் நகரில் துத்தநாக, அலுமினியத் திட வினையூக்கி கொண்ட ஆலையே ஓடத் தொடங்கியது.

குறையையும் மறைக்க மாட்டோம். இவற்றுக்குச் சூடு அதிகம் வேண்டும். முட்டை ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு மலிவு. குறைந்த சூட்டில் வேலை செய்யும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்; அமிலம் மிகுந்த எண்ணெயில் செத்துப்போகும்.

அறிவியல் வழி காட்டிவிட்டது. ஆட்சியாளர் காட்டிய வழி என்ன? 2003இல் டில்லித் திட்டக் குழு 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேரில் காட்டாமணக்கு என்றது. 2012க்குள் 20 விழுக்காடு கலப்பு என்றது. நட்டவன் காய்க்குக் காத்திருந்தான். விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை! 2018இல் புதுக் கொள்கை வந்தது: 2030க்குள் 5 விழுக்காடு. இருபது ஐந்தாகச் சுருங்கியதற்குப் பொறுப்பேற்றவர் யார்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். நட்டு வளர்க்கச் சொல்லி ஏய்க்காதே. நிற்கும் மரத்தின் கொட்டைக்கு நிலையான விலை கொடு. செக்கும் ஆலையும் பொறுக்குவோரின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாகட்டும். கிளிசரின் விற்ற காசும், பிண்ணாக்கு உரமும் அவர்களுக்கே சேரட்டும்.

வினையூக்கியை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். உழைப்பவரை அப்படிப் பயன்படுத்த இனி விடோம்!