செல் ஒன்று, பிள்ளைகள் இரண்டு



குழுக் கூட்டத்தில் வரவு செலவு பேசி முடிந்ததும் பிள்ளைகள் பேச்சு வந்துவிடும். "என் மகன் எந்நேரமும் செல்லும் கையுமாத்தான் இருக்கான்" என்பார் ஒருவர். "பொட்டப் புள்ளைக்கு எதுக்குக்கா செல்லு? கெட்டுப் போயிடும்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து யோசித்துப் பார்த்தோமா?

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் பள்ளி திறந்தது. அந்த ஒன்றரை வருஷமும் பாடம் செல்லிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் வந்தது. வீட்டில் இருந்த ஒரே செல்லை அப்பா வேலைக்கு எடுத்துப் போனால், பிள்ளைக்கு அன்று பாடம் இல்லை. விட்டுப்போன படிப்பைச் சொல்லிக் கொடுக்கத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது.

பள்ளி திறந்தாச்சு, இனி செல் எதற்கு என்று விட முடியாது. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. விண்ணப்பம், தேர்வு முடிவு எல்லாம் செல்லுக்கே வருகிறது. செல்லைத் தொடாத பிள்ளை எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டும்.

2023இல் 'அசர்' என்ற ஆய்வு இந்தியக் கிராமங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 100 பையன்களில் சுமார் 44 பேருக்குச் சொந்தமாக செல் இருந்தது. பெண் பிள்ளைகளில் 20 பேருக்குத்தான் இருந்தது. மகனிடம் அதிகம், மகளிடம் குறைவு. இரண்டுமே நாம் கவனிக்க வேண்டியவை.

நம் பயம் பொய்யில்லை. அதற்காக மகளின் கையைக் கட்டிப்போட வேண்டாம். இப்படிச் செய்யலாம்:

1. மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம்.

2. பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடு இருக்கும். செல்லில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

3. எல்லோரும் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். படுக்கப் போகும்போது செல் அம்மாவிடம் வந்துவிட வேண்டும்.

4. ஓடிபி நம்பரையும் போட்டோவையும் தெரியாதவருக்கு அனுப்பக் கூடாது. யாராவது மிரட்டினால் மகளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். பணம் ஏமாந்தால் உடனே 1930, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 எண்ணுக்குப் பேசுங்கள்.

நாம் குழுவில் சேர்ந்தபோதும் "பொம்பளைக்கு எதுக்கு பேங்க் கணக்கு?" என்றுதானே கேட்டார்கள்? கைநாட்டு வைத்த நாம் இன்று பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குக் கேட்கிறோம். அதே கேள்வியை நம் மகளிடம் நாமே கேட்கலாமா?

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.