காட்டுவழியிற் கரடி

கண்டியில் வாழும் நம்மவர்க்கு மலையேற்றம் புதிய பொழுதுபோக்கன்று. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மாணவர் கூட்டங் கூட்டமாக ஹந்தானை மலைச்சரிவில் ஏறக் காணலாம். சற்றுத் துணிவு மிக்கவர் தும்பறைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைத்தொடர் வரை செல்வர். அவர்களை வழியனுப்பும் தாய்மார் தண்ணீர்ப் போத்தலையும் சோற்றுப் பொதியையும் கையிற் கொடுத்துவிட்டு, "அங்கே கரடி கிரடி உண்டோ?" என்று ஒரு கேள்வியையும் கேட்டுவைப்பர். பிள்ளைகள் சிரிப்பர். ஆயினும் அது சிரித்துத் தள்ளத்தக்க கேள்வியன்று என்பது நம் கருத்து.

முதலில் விடையைக் கூறிவிடுவோம். ஏறத்தாழ 1,600 அடி உயரத்திலுள்ள கண்டி நகரிலோ, உடவத்தைக் காட்டிலோ, ஹந்தானையிலோ கரடி இல்லை. அங்கெல்லாம் அஞ்சவேண்டியது அட்டைக்கும், அதனினும் மேலாகக் குளவிக்குமே. இலங்கைக் கரடி வறண்ட வலயத்துத் தாழ்நிலக் காடுகளுக்கு உரியது. பெரும்பாலும் ஆயிரம் அடிக்குக் கீழேயே வாழ்வது. ஆனால் கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில் உன்னஸ்கிரியைக் கடந்து, பேர்பெற்ற பதினெட்டு வளைவுகளில் இறங்கிப் பாருங்கள். குளிர் மறைகிறது, தேயிலை மறைகிறது, காய்ந்த காடு தொடங்குகிறது. அக்காடுகள் கரடியின் நாடு. வடகிழக்கே, மகாவலி கங்கைக்கும் அம்பன் கங்கைக்கும் இடையில், 1984 ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட வஸ்கமுவை இருக்கிறது. கரடியைக் காண விரும்புவோர் நாடும் இடங்களுள் அதுவும் ஒன்று.

கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயராகிய ரொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், இந்நாட்டு விலங்குகளின் வரிசையிற் கரடியையும் சேர்த்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் எழுதியவை இன்னும் சுவையானவை. கரடிக்கு அஞ்சிய மக்கள் மந்திரித்த ஏட்டைக் கழுத்திற் கட்டியும் கொண்டையுட் செருகியும் காட்டிற்குச் சென்றனராம். வடக்கே கரைச்சிப் பகுதியில், கடும் வறட்சியில் நீர் தேடிக் கிணற்றில் இறங்கிய கரடிகள் மண் சரிந்தமையால் ஏறமாட்டாது உள்ளேயே கிடந்தனவாம். தண்ணீருக்கு வந்த பெண்டிரின் நிலையை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அவர்கள் யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சியதிலும் கரடிக்கு மிகுதியாக அஞ்சியது ஏன்? கரடி மனிதனை இரையாகக் கொள்ளும் விலங்கன்று. அதன் தலையாய உணவு கரையானும் எறும்பும், அடுத்துத் தேன், அடுத்துப் பாலை, வீரை, கொன்றை முதலிய மரங்களின் கனிகள். சங்கப் புலவர் இதனை எண்கு என்றனர். அது புற்றைக் கிண்டிக் கரையானை உண்பதையும் இருப்பைப் பூவை நாடுவதையும் நன்கு கண்டு பாடினர். ஐரோப்பியரோ இவ்வளவு தெளிவாகக் கண்டிலர். 1791 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷோ என்னும் ஆங்கில அறிஞர், நீண்ட நகங்களைக் கண்டு மயங்கி, இதனைத் தென்னமெரிக்கச் சோம்பல் விலங்கின் இனத்திற் சேர்த்துவிட்டார். ஆங்கிலப் பெயரில் அந்தச் சோம்பல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் இவ்விலங்கு சோம்பேறியன்று. மனிதனை ஓடிப் பிடிக்க வல்லது.

கரையானை இது உண்ணும் விதமே நம் ஆபத்திற்கும் காரணம். மேல்வாயின் முன்பற்கள் இரண்டு இதற்கு இல்லை. நகங்களாற் புற்றைப் பிளந்து, மூக்குத் துளைகளை மூடி, நீண்ட உதடுகளைக் குழல்போற் குவித்து, புழுதியை ஊதித் தள்ளிவிட்டுப் பூச்சிகளை உறிஞ்சுகிறது. அந்த ஓசை நூறு யார் தூரத்திற்கும் கேட்குமாம். இவ்வளவு ஆரவாரத்துடன் உண்ணும் ஒரு விலங்கிற்கு, மெல்ல நடந்து வரும் மனிதனின் அடியோசை எங்ஙனம் கேட்கும்? மோப்பம் வலிதாயினும் கண்பார்வை கூர்மையானதன்று. காற்றும் எதிர்ப்புறமாக வீசினால் அதுவும் உதவாது. பத்தடித் தூரத்தில் மனிதனை திடீரென்று கண்டதும் அது அஞ்சுகிறது, அச்சத்தினால் தாக்குகிறது. மானைப்போல் ஓடி ஒளிவது அதன் இயல்பன்று. சிறுத்தையும் மரமேறும் ஆதலின் மரத்திலேறித் தப்பவும் வழியில்லை. எதிர்த்து நின்றே உயிர்காத்துப் பழகிய குலம் அது. முதுகிற் குட்டிகளைச் சுமந்து செல்லும் தாய்க்கரடியின் சினத்தைச் சொல்லவேண்டியதில்லை. முகத்தையும் தலையையுமே அது பெரிதும் தாக்குவதால், உயிர் தப்பியோரும் கண்ணிழந்தும் முகஞ்சிதைந்தும் வாழநேர்கிறது. வன்னிக் கிராமங்களில் முதியோர் கரடியைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசுவது இதனாலேயே.

நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இரு நண்பரும் கரடியும் என்ற கதையைப் படித்திருப்பர். ஒருவன் மரத்திலேறித் தப்பினான். மற்றவன் பிணம்போற் கிடந்தான். கரடி அவன் காதை முகர்ந்துவிட்டுப் போயிற்று. நட்பைப் பற்றிய பாடமாக அது நன்று. காட்டு வழிகாட்டியாகக் கொண்டால் முழுவதும் நன்றன்று. மரமேறியவன் நம் காட்டில் தப்பியிருக்கமாட்டான். தேனுக்கும் பாலைப்பழத்திற்குமாக மரமேறுவது கரடியின் அன்றாடத் தொழில். நிலத்திற் கிடந்தவன் செய்தது ஓரளவு சரி. ஆயினும் காரணம் வேறு. பிணத்தைத் தின்னாத பெருந்தன்மை அன்று. முகத்தை மறைத்து அசையாது கிடப்பவன் இனித் தனக்குத் தீங்கு செய்யான் என்று கரடி விட்டுப்போகலாம் என்பதே.

ஆகவே செய்யத்தக்கவற்றுள் முதன்மையானது, கரடியைத் திடுக்கிட வைக்காமை. காட்டுவழியிற் பேசிக்கொண்டே செல்லுங்கள். வளைவுகளிலும் புதர் செறிந்த இடங்களிலும் கைதட்டுங்கள். வனத்தில் அமைதி காக்கவேண்டும் என்று நாமே மாணவர்க்குப் போதிக்கிறோம். வாகனத்துள் அமர்ந்திருக்கும்போது அது முறை. நடந்து செல்பவனுக்கு ஓசையே கவசம். தனியே செல்லல் ஆகாது. அந்தியிலும் இரவிலும் விடியுமுன்னும் நடத்தல் ஆகாது. கரடி மிகுதியாக உலாவும் நேரங்கள் அவை. பாறைக் குகைகளில் எட்டிப் பார்க்கும் ஆவலை அடக்குக. பகற் பொழுதில் அது துயிலும் இடமும், குட்டியீனும் இடமும் அவையே. புதிதாகக் கிண்டிய புற்றைக் கண்டால், வந்த வழியே திரும்புவதில் வெட்கமில்லை. வீட்டு நாயை அழைத்துச் செல்லாதீர்கள். அது கரடியைச் சீண்டிவிட்டு உங்களிடமே ஓடிவரும்.

தூரத்திற் கரடியைக் கண்டால், ஓடாமல், முதுகைக் காட்டாமல், தாழ்ந்த குரலிற் பேசியவாறே பின்வாங்குக. சிறுவரை நடுவில் நிறுத்துக. நிழற்படம் எடுக்கக் கைத்தொலைபேசியுடன் முன்னே செல்பவரை என்ன சொல்வது! பாய்ந்து வந்து பற்றிவிடும் நிலை வந்தால், குப்புற விழுந்து, இரு கைகளையும் பிடரியிற் கோத்து, முகத்தை மண்ணோடு சேர்த்துக் கிடக்கவேண்டும். முதுகுப்பையைக் கழற்றக்கூடாது, அது முதுகிற்குக் கேடயம். கரடி அகன்று சற்றுநேரம் செல்லும்வரை எழாதீர்கள். வட அமெரிக்காவிற் கருங்கரடி தாக்கினால் எதிர்த்து அடி என்றும், பழுப்புக் கரடியானால் அசையாது கிட என்றும் கூறுவர். மிளகாய்த் தெளிப்பானும் கையில் வைத்திருப்பர். அங்குள்ளவற்றை அப்படியே இங்குக் கொள்ளலாகாது. கரடிக்குக் கரடி குணம் வேறு.

காயமுற்றவரின் குருதியைத் தூய துணியால் இறுக அழுத்தி நிறுத்தி, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும். காயம் சிறிதாயினும் சோப்பிட்டு நீரால் நன்கு கழுவி, மருத்துவமனை சென்று விசர்நோய்த் தடுப்பூசி பற்றியும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவும் சொன்னமையாற் கரடியைப் பகையென்று வாசகர் எண்ணிவிடலாகாது. இலங்கையில் எஞ்சியவை ஆயிரத்திற்கும் குறைவு என்பது ஆய்வாளர் மதிப்பு. வஸ்கமுவையில் சியாமளா ரத்நாயக்க என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் கரடிகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டி அணிவித்து ஆராய்ந்தபோது, ஒவ்வொன்றும் ஒருசில சதுரக் கிலோமீற்றருக்குள்ளேயே வாழ்ந்து வந்தமை தெரிந்தது. அந்தச் சிறுநிலத்துக் காடு அழிந்தால் அதற்கு வேறு போக்கிடம் எளிதன்று. 1937 ஆம் ஆண்டு ஏற்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனைக் காக்கிறது, கொல்லுதல் குற்றம். (சிவபூசையிற் கரடி புகுந்தாற்போல என்னும் வழக்கிற்கூட, கரடி என்பது விலங்கன்று, கரடிகை என்னும் பறையே என்று விளக்குவார் உளர். எவ்வளவு பழியைத்தான் அந்த விலங்கு சுமக்கும்!)

தேசிய வனங்களில் வழிகாட்டியுடன் வாகனத்திற் செல்வோர் கண்ட இடத்தில் இறங்குதல் தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும் நம் குடும்பத்தவர் காலால் நடந்தே கரடிக் காட்டைக் கடக்கும் காலம் ஒன்றுண்டு. ஆடிவேல் விழாவையொட்டிக் கதிர்காமம் நோக்கிச் செல்லும் பாதயாத்திரை, உகந்தை மலையிலிருந்து கூமுனை, யால வனங்களினூடாகப் பல நாள் நடைபெறுகிறது. கண்டியிலிருந்தும் அன்பர் சென்று கலந்துகொள்கின்றனர். பாலைப்பழம் பழுக்கும் பருவமும் ஏறத்தாழ அதுவே. கரடிகள் பாலைமரங்களில் ஏறியும் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கியும் உண்ணும் நாள்கள். யாத்திரிகர் திரளாக "அரோகரா" என முழங்கிச் செல்லும்வரை அச்சம் மிகக் குறைவு; அம்முழக்கம் கேட்டுக் கரடி தானே விலகும். இடர் நேர்வது, வெயிலுக்கு முந்த எண்ணி இருளிற் புறப்படும் இருவர் மூவருக்கும், காலைக் கடனுக்காகத் தனியே புதர் பக்கம் ஒதுங்குபவர்க்குமே. இம்முறை செல்வோர் மின்சூளும் துணைக்கு ஓராளும் இன்றித் தங்குமிடத்தை விட்டு அகலாதிருப்பாராக. பாலைமரத்தடியிற் பாய் விரிக்கும் முன், மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராக.