நகையும் நடுக்கமும்

வேற்றுலகத்தார் ருஷிய நாட்டுச் சிற்றூரொன்றில் வந்திறங்குவதாகப் புனைந்த கணிப்பொறி விளையாட்டில், நடுக்கத்தினூடே நகை பிறப்பது யாதினால்? அறியாத விந்தை, அறிந்த வீட்டுவாசலில் வந்து நிற்பதனால் என்க. இம்முறையைத் தமிழிலே திறம்படக் கையாண்டவர், திருவரங்கத்திற் பாட்டியார்பால் வளர்ந்து, திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிற் பயின்ற சுஜாதா (1935–2008) ஆவர். அவர்தம் ‘என் இனிய இயந்திரா’வில் வேற்றறிவு விண்ணினின்றும் இறங்கவில்லை, ஜீனோ என்னும் இயந்திர நாயாய் வீட்டினுள்ளேயே புகுகின்றது. நாய் நூல் படிக்கின்றது, வாதும் புரிகின்றது, யாம் நகைக்கின்றோம். அந்நாட்டிலோ பிள்ளை பெறுதற்கும் அரசின் அனுமதி வேண்டும்! நிலாவின் கணவன் காணாமற் போகின்றான். அவளுக்கு உற்ற துணை அந்நாயே. அக்கொடுமையை வெளிப்படையாய் உரைத்திருப்பின் இத்துணை உறைத்திராது என்பது எமது கருத்து. மக்கள் அஞ்சி வணங்கும் தலைவன் ஜீவாவோ ஈற்றில் வெறும் ஒளியுருவம்.