காசின் தேய்மானமும் தீனாரின் நிறையும்

பழைய காசு தேய்ந்திருக்கும், புதுக்காசு பளபளக்கும் என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். வீட்டுப் பெட்டகத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், கணக்குத் தலைகீழாகிவிடும். விக்டோரியா இராணியின் தலையும் மறுபக்கத்தில் பனைமரமும் பதித்த செப்பு ஒரு சதத்தில், சில வேளை மரத்தின் ஓலைகூடத் தெளிவாகத் தெரியும். 2005இல் வந்த மஞ்சள் ஐந்து ரூபாய்க் குத்தியோ கறுத்துப்போய், விளிம்பில் துருவேறிக் கிடக்கும். நூறு வருசம் மூத்தது இளமையாக இருக்கிறது!

காரணத்தில் பாதி உலோகத்தில் இருக்கிறது. 1984இல் வந்த பழைய ஐந்து ரூபாய், நிக்கல் கலந்த பித்தளை. உள்ளும் புறமும் ஒன்றுதான். மேலே தேய்ந்தாலும் அடியில் அதே பித்தளை. 2005க் குத்தி உருக்கினால் ஆனது, மேலே மெல்லிய பித்தளைப் பூச்சு மட்டுமே. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். அதிகம் உரசுப்படும் விளிம்பில் பூச்சு போனதும் வியர்வையும் உப்புக்காற்றும் உருக்கில் வேலையைத் தொடங்கிவிடும். செம்பிலே படியும் களிம்பு அடியிலுள்ள உலோகத்தை ஓரளவு மூடிக் காக்கும். இரும்புத் துரு அப்படியில்லை, உதிர்ந்து உதிர்ந்து இன்னும் உள்ளே போகும். நம் இறக்காமம் கடலிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கல்முனை, நிந்தவூர் என்று கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை; அவர்களுடைய சைக்கிளே சொல்லும். 2017இல் துருப்பிடிக்காத உருக்குக் குத்திகள் வந்தன.

மற்றப் பாதி, கைகளில். காசைத் தேய்ப்பது வயதை விடக் கைமாற்றம்தான். பஸ் கொண்டக்டரின் பையில் ஒரு வருசம் குலுங்கிய குத்தி, மூத்தம்மாவின் கொட்டப்பெட்டியில் ஐம்பது வருசம் தூங்கிய குத்தியை விட மோசமாகத் தேய்ந்திருக்கும். 1942 வரை அடித்த ஐம்பது சதத்தில் வெள்ளி இருந்தது. 1943இல் அது நிக்கல் பித்தளைக்கு மாறியது. மட்டக்காசு வந்தால் நல்ல காசு பெட்டிக்குள் போய்விடும் என்பது உலக வழக்கம். ஆகவே வெள்ளிக் குத்தியொன்று முகம் தெளிவாகக் கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1963இல் வந்த அலுமினிய ஒரு சதம், இரண்டு சதங்களின் கதை வேறு. மிக மெதுவான உலோகம், புழங்கியிருந்தால் சீக்கிரம் நசுங்கியிருக்கும். விலைவாசி ஏறி, அவற்றால் ஒன்றும் வாங்க முடியாமல் போனதே பலவற்றைக் காப்பாற்றியது. வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்தவை மட்டும் தப்பாது; சுண்ணாம்பு அலுமினியத்தை அரித்துவிடும்.

இதெல்லாம் காசு சேர்ப்பவர்களின் பொழுதுபோக்குப் பேச்சு என்று எண்ண வேண்டாம். தங்கத்துக்குரிய ஸகாத்தின் நிஸாப் 20 தீனார். ஒரு தீனார் எத்தனை கிராம்? கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் வெளியிடத் தொடங்கிய, உருவம் இல்லாமல் எழுத்து மட்டும் பொறித்த தீனார்கள் இன்றும் உலக நூதனசாலைகளில் இருக்கின்றன. அப்படிப் பாதுகாக்கப்பட்டவற்றை நிறுத்துப் பார்த்தே 4.25 கிராம் என்ற கணக்கு எடுக்கப்பட்டது. யூசுப் அல்-கர்ளாவி தமது ‘பிக்ஹுஸ் ஸகாத்’ நூலில் இந்த வழியை ஏற்று 85 கிராம் என்ற முடிவுக்கு வருகிறார். வேறு கணக்குகளும் உண்டு, அந்த விவாதம் இங்கே வேண்டாம்.

இப்போது யோசியுங்கள். தேய்ந்துபோய் 4.10 கிராமே நிற்கும் தீனாரை ஒருவர் தராசில் வைத்திருந்தால் நிஸாப் 82 கிராமாகியிருக்கும். மூன்று கிராம் தங்கம் இன்றைய விலையில் சின்னக் காரியமா? ஆகவே எந்தத் தீனார் தேயாதது என்று கண்டுபிடிப்பது முக்கியமாகிறது. தங்கத்தில் இது ஒரு வகையில் லேசு. தங்கம் துருப்பிடிக்காது; மண்ணுக்குள் ஆயிரம் வருசம் கிடந்தாலும் நிறை குறையாது. குறைந்திருந்தால், ஒன்றில் கை தேய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கள்ளன் ஒருவன் ஓரத்தைச் சுரண்டியிருக்க வேண்டும். கை தேய்த்திருந்தால் எழுத்துகளின் மேடு தட்டையாகி, கோடுகள் தடித்துத் தெரியும். சுரண்டியிருந்தால் சுற்றுவட்ட எழுத்து ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருக்கும்.

மினுக்கினாலும் இதே இழப்புத்தான். பழைய சல்லி கையில் கிடைத்தால் நம்ம பிள்ளைகள் முதலில் தேடுவது பழப்புளியை. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், கூடவே செம்பிலும் கொஞ்சம் போகும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான வெறும் உலோகம், அதுவும் சில நாளில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, தேய்க்காமல் ஒற்றி, நன்றாக உலர்த்தினால் போதும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் வையுங்கள். வெள்ளிக் குத்தியென்றால் றப்பர் பட்டி போட்டுக் கட்ட வேண்டாம். றப்பரிலுள்ள கந்தகம் அதைக் கறுப்பாக்கிவிடும்.